உயர் அதிகாரிகளைத் தேடித் தரும் தொழிலுக்கு முதலீடு தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படித்த இளைஞர்கள் சொந்தமாகத் தொடங்கக்கூடிய தொழில்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். நிறுவனங்களுக்கு உயர்நிலை அதிகாரிகளைத் தேடித் தரும் தொழிலுக்கு முதலீடே தேவையில்லை, ஒரு கைப்பேசியும் நாலு பேரின் தொடர்பும் இருந்தால் போதும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பினாங்கில் இந்தத் தொழிலைப் பதினொரு ஆண்டுகளாக நடத்தி வருபவள் நான். அந்த ஒரு வரியை நம்பி யாராவது பார்க்கும் வேலையை விட்டுவிடுவார்களோ என்ற கவலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் இத்துறைக்கு வர வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் அரசாங்க உரிமமும் எட்டு மாதச் செலவுக்கான பணமும் கையில் இல்லாமல் அவர்கள் வரக்கூடாது.

மலேசியாவில் இத்தொழிலுக்கு உரிமம் வழங்கும் 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தை நாங்கள் ‘சட்டம் 246’ என்றே சொல்வோம். தேடப்படுபவர் கடைச் சிப்பந்தியா, தொழிற்சாலையின் தலைமை நிர்வாகியா என்று அச்சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. 2017-இல் திருத்தப்பட்ட பின்னர் உரிமம் ஏ, பி, சி என மூன்று வகைகளாக வழங்கப்படுகிறது. உள்நாட்டவரை உள்நாட்டு வேலையில் அமர்த்துவதற்கான ஏ வகைக்கே 50,000 ரிங்கிட் செலுத்தப்பட்ட மூலதனமும், அதே தொகைக்கு வங்கி உத்தரவாதமும் காட்ட வேண்டும். வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவரை இங்கு வேலைக்கு அமர்த்த நினைத்தால் சி வகை உரிமம் வேண்டும். அதற்கு அந்தத் தொகை 250,000 ரிங்கிட். நிறுவனத்தின் பெயரிலேயே வேலைவாய்ப்பு முகவர் எனப் பொருள்படும் ‘அகென்சி பெக்கெர்ஜாஆன்’ என்ற மலாய்ச் சொற்கள் இடம்பெற வேண்டும். உரிமமின்றி நடத்துவோருக்கு 200,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ‘ஆலோசனை நிறுவனம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டால் இவை எதுவும் தேவைப்படாது என்று தொடக்கத்தில் எனக்கே ஒருவர் அறிவுரை கூறினார். நல்லவேளையாக நான் அதைக் கேட்கவில்லை.

இனி வருமானத்துக்கு வருகிறேன், ஏனெனில் கட்டுரையாளர் அதிகம் தவறியது இந்த இடத்தில்தான். ஓர் அதிகாரியை அமர்த்தித் தந்தால், அவருடைய முதலாண்டுச் சம்பளத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை நிறுவனம் எங்களுக்குக் கட்டணமாகத் தரும். மாதம் 15,000 ரிங்கிட் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 180,000. அதில் 25 விழுக்காடு 45,000 ரிங்கிட். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலருக்கு ஆசை வருகிறது. அந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தகுதியானவரைத் தேடி, பேசி, நேர்காணல்களை முடிக்க இரண்டு மாதங்கள் ஆகும். மேலாளர் நிலையில் இருப்பவர் பழைய நிறுவனத்துக்கு மூன்று மாத முன்னறிவிப்புத் தர வேண்டியிருக்கும். அவர் புதிய இடத்தில் சேர்ந்த பிறகே நாங்கள் கட்டணம் கேட்டு இன்வாய்ஸ் அனுப்ப முடியும். நிறுவனத்தின் கணக்குப் பிரிவு அதற்குப் பணம் தர மேலும் ஒன்றிரண்டு மாதங்கள் எடுத்துக்கொள்ளும். இதற்கிடையே அலுவலக வாடகையும், ஊழியர் சம்பளமும், அவர்களுக்கான இ.பி.எப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாவும் மாதந்தவறாமல் வந்து நிற்கும். அமர்த்தப்பட்டவர் முதல் மூன்று மாதங்களுக்குள் விலகிவிட்டால் இன்னொருவரைக் கட்டணமின்றித் தேடித் தருவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டிருப்போம். தேடலைத் தொடங்கும்போதும், தகுதியானவர்களின் பட்டியலைக் கொடுக்கும்போதும், ஆள் அமர்ந்த பிறகும் என மூன்று தவணையாகப் பணம் பெறும் முறையும் உண்டு. ஆனால் பெயர் பெற்ற பெரிய நிறுவனங்களுக்குத்தான் வாடிக்கையாளர்கள் அவ்வாறு முன்பணம் தருவார்கள். புதிதாக வருபவருக்குத் தரமாட்டார்கள்.

நான் தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றுக்குத் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் தேவைப்பட்டார். பிறையில் பணியாற்றிய ஒருவரைக் கண்டுபிடித்து, நான்கு நேர்காணல்களுக்கு அவரைத் தயார்செய்து, பணி நியமனக் கடிதத்திலும் கையெழுத்து வாங்கினோம். திங்கட்கிழமை அவர் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அழைத்து, “அக்கா, மன்னிச்சிருங்க, பழைய இடத்துலயே மூவாயிரம் கூட்டிக் கொடுத்துட்டாங்க, வீட்டுல பேசி இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம்” என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைக்கும் தகப்பனார் அவர். தவறு என்னுடையது. பழைய நிறுவனம் சம்பளத்தை உயர்த்தினால் என்ன செய்வீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை தொழிற்சாலையின் மனிதவள மேலாளரை நேரில் சந்தித்துச் செய்தியைச் சொன்னேன். தேடலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். அதற்கு ஆன நான்கு மாதங்களும் என்னிடம் வேலை செய்த இரு பெண்களுக்கும் சம்பளம் கொடுக்க என் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. முதலீடு தேவையில்லை என்று எழுதியவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணத்துக்கு அடுத்தபடியாக இத்தொழிலுக்கு வேண்டியது வாயடக்கம். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கி, அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இன்டெல் இங்கு அமைத்த காலத்திலிருந்து, இங்குள்ள பொறியாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இவர் வேலை மாறப் பார்க்கிறார் என்ற பேச்சு மதிய உணவு நேரத்துக்குள் அவருடைய மேலாளரின் காதுக்கு எட்டிவிடும். ஆகவே ஒருவருடைய சுயவிவரக் குறிப்பை அவர் அனுமதியின்றிப் புலனத்தில் (வாட்ஸ்அப்) நாலு நிறுவனங்களுக்கு அனுப்புவது அவர் பிழைப்பில் கைவைக்கும் செயல். 2013 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இதைக் குறித்துக் கண்டிப்பாகவே பேசுகிறது. வாடிக்கையாளர் நிறுவனத்தில் நாமே அமர்த்திய ஆளை அடுத்த ஆண்டில் வேறொரு நிறுவனத்துக்கு இழுப்பதும் கூடாது. அப்படிச் செய்பவரின் பெயர் இந்தச் சிறிய தீவில் வெகு விரைவில் கெட்டுவிடும்.

என் அலுவலகச் சாளரத்திலிருந்து பார்த்தால் ஜெரெஜாக் தீவு தெரியும். கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோரைத் தொற்றுநோய்ச் சோதனைக்காகத் தடுத்துவைத்த இடம் அது. என் தாத்தாவும் அங்கே சில நாள்கள் இருந்துவிட்டுத்தான் கெடாவில் ஒரு தோட்டத்துக்குப் போனார். தோட்டத்துக்கு ஆள் திரட்டி அவரை ஊரிலிருந்து அழைத்து வந்த கங்காணிக்கு, ஆளுக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் தலைக்காசு கிடைத்தது. வழிச்செலவு, முன்பணம் என்ற பெயரில் தாத்தா கங்காணியிடம் பட்ட கடன் அடையப் பல ஆண்டுகள் ஆயின. இந்திய அரசாங்கம் 1938-இல் தடை விதித்த பிறகே அந்த ஆள்சேர்ப்பு முறை ஓய்ந்தது. வேலை தேடி வருபவரிடம் நான் ஒரு காசும் வாங்குவதில்லை என்று முடிவு செய்ததற்கு அந்தக் கடன்தான் காரணம். சட்டம் ஒரு வரம்புக்குள் அவ்வாறு வாங்க இடமளித்தாலும், உயர் அதிகாரிகளைத் தேடித் தரும் தொழிலில் கூலி தர வேண்டியது ஆள் கேட்கும் நிறுவனமே. மேலாளர் வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் 500 ரிங்கிட் அனுப்புங்கள் என்று கேட்பவரிடம் நம்மவர்கள் ஏமாந்துவிட்டு என்னைத் தேடி வரும்போது, போன பணத்தை மீட்டுத் தர என்னால் இயலுவதில்லை.

ஆசிரியர் அவர்களே, இதில் தாங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. தங்கள் நாளிதழில் ஆள் தேவை விளம்பரம் கொடுக்க வரும் ஒவ்வொரு முகவரிடமும் தொழிலாளர் இலாகா வழங்கிய உரிமத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி, அதை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டுகிறேன். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை இலாகா பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. எண் கையில் இருந்தால் வாசகர்களே சரிபார்த்துக்கொள்வார்கள். இத்தொழிலைத் தொடங்க விரும்பும் இளைஞர்கள் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் என்னைச் சந்திக்க விரும்பினால், என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகி,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.