கேத்தரினின் நைட் டூட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் போர் நாவல்களைப் பற்றி வந்த கட்டுரை, அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே முதல் உலகப் போரை வைத்து எழுதிய ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ (1929) நாவலில் வரும் நர்ஸ் கேத்தரினை உன்னதக் காதலி என்று புகழ்கிறது. அரசு மருத்துவமனை சர்ஜிக்கல் வார்டில் காலம் தள்ளிய நர்ஸ் நான். எனக்கு அது ஒப்பவில்லை.

இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனையில் அவள் காதலன் ஹென்றி காலில் அடிபட்டுக் கிடக்கிறான். அவனோடு இருப்பதற்காகவே கேத்தரின் தொடர்ந்து நைட் டூட்டி பார்க்கிறாள். அங்கே மலேரியாவோடு சிலரும், குண்டின் மூடியைக் கழற்றப் போய்க் காயப்பட்ட பையன் ஒருவனும் படுத்திருக்கிறார்கள். அந்தப் பையனுக்கு யார் கட்டு மாற்றினார்கள்? சீழ் பிடித்த புண்ணில் ஒட்டிய காஸ் துணியை வெடுக்கென்று இழுக்க முடியாது. சலைன் விட்டு, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல எடுக்க வேண்டும். ஒரு கட்டுக்கே அரை மணி நேரம் போய்விடும். அந்த வேலை நாவலாசிரியர் கண்ணில் படவே இல்லை. அவள் களைத்துப்போனதுகூடத் தோழி ஃபெர்குசன் சொல்லித்தான் ஹென்றிக்கு உறைக்கிறது. கடைசியில் குழந்தை இறந்தே பிறக்க, ரத்தப்போக்கில் அவளும் போய்விடுகிறாள். அந்தச் சாவும் ஹென்றியின் துக்கமாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. இத்தனைக்கும் கேத்தரின் பாத்திரத்துக்குத் தூண்டுதலானவர், 1918-ல் ஹெமிங்வே காதலித்த நர்ஸ் ஆக்னஸ், அவரை வேண்டாம் என்று எழுதிவிட்டு 1984 வரை வாழ்ந்தவர்.

அதே போரில் தொண்டு நர்ஸாக இருந்த வேரா பிரிட்டனின் ‘டெஸ்டமென்ட் ஆஃப் யூத்’ (1933) தன்வரலாற்றையும் படித்துப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டுப் போனவர். காதலன் செத்த பிறகும், பிரான்சின் எட்டாப்ல் முகாமில் காயம்பட்ட ஜெர்மன் கைதிகளுக்குக் கட்டுப் போட்டார். 1918-ல் ஜெர்மன் தாக்குதலில் வார்டுகள் நிரம்பி வழிந்த நேரம் பார்த்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மகள் வீட்டுக்கு வருவதுதான் கடமை என்று அப்பாவிடமிருந்து கடிதம். மனமில்லாமல் திரும்பிப் போனார். இத்தாலியப் போர்முனையில் இருந்த தம்பியை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. ஜூனில் அவரும் செத்துப்போனார். வீட்டில் யார் படுத்தாலும் டூட்டியை மாற்றிக்கொண்டு ஓடிய என் சகோதரி நர்ஸுகளுக்கு அந்தக் கடிதம் புதிதாக இருக்காது.

கட்டுரையாளர் பரிந்துரைத்த நாவல்கள் எல்லாமே ஆண்கள் எழுதியவை. அடுத்த பகுதி வருமானால், போரில் வேலை பார்த்த பெண்கள் எழுதியவற்றையும் அவர் எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாகர்கோவில்