விந்தனை ‘மற்றும் சில’ரில் தள்ளிய பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் இளங்கலைத் தமிழ்ப் பாடத்திட்டம் அச்சுக்கு வந்தபோது பக்கம் கட்டியவன் நான். சிறுகதைத் தாளில் சென்ற முறை இருந்த விந்தன் கதை இந்த முறை காணோம். இலக்கிய வரலாற்றுத் தாளின் கடைசி வரியில், ‘மற்றும் சிலர்’ கூட்டத்தில் அவர் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்துப் பிழை என்றால் நானே திருத்திவிடுவேன். இது உங்கள் கையில் இருப்பதால் கேட்கிறேன்: விந்தனைத் திரும்பச் சேருங்கள்.

விந்தனின் ‘முல்லைக் கொடியாள்’ சிறுகதைத் தொகுப்பு, ‘பாலும் பாவையும்’ நாவல் பற்றியெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பழைய குறிப்பேடு, ‘அச்சகத்தில் பணிபுரிந்தார்’ என்று இரண்டே சொல்லில் தாண்டிப்போகிறதே, அந்தப் பணி எப்படிப்பட்டது தெரியுமா?

கையால் அச்சுக்கோத்த பெரியவர்களோடு இருந்து பார்த்தவன் நான். நாள் முழுக்கக் கேஸுக்கு முன்னால் நின்றே வேலை. குழிகுழியான பெட்டியிலிருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கையில் பிடித்திருக்கும் ஸ்டிக் என்ற சட்டத்தில் வரியாக அடுக்க வேண்டும். எல்லா எழுத்தும் இடம் வலமாகப் புரண்டிருக்கும். புரூஃபில் ஆசிரியர் ஒரு சொல்லை மாற்றினால் வரியையே பிரித்துக் கோக்க வேண்டும். சில நேரம் பத்தி முழுக்க நகரும். அச்சடித்த பிறகு அத்தனை எழுத்தையும் அதனதன் குழியில் திருப்பிப் போட வேண்டும். இத்தனையும் இன்னொருவர் எழுதிய கதைக்காக. விகடன் அச்சகத்தில் இந்த வேலை பார்த்த கோவிந்தன்தான் விந்தன் ஆனார். அவரைத் தம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக்கிக்கொள்ள கல்கிக்குப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. உங்களுக்கு என்ன தேவைப்படுகிறது?

‘இடமில்லை’ என்று பதில் வரும். தெரியும். தொழிலாளர் வாழ்வைப் பற்றி ஆய்வரங்கம் நடத்த மட்டும் இடம் இருக்கும், குளிர்சாதன அரங்கில். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் எது என்று வினாடி வினாவில் கேட்கவும் இடம் இருக்கும். 1954-இல் வந்த அந்தக் ‘கூண்டுக்கிளி’க்கு வசனம் எழுதியது யார் என்று யாரும் கேட்பதில்லை. அதை எழுதிய விந்தன் அதே ஆண்டில் ‘மனிதன்’ என்று சொந்தமாகப் பத்திரிகை நடத்தியதையும் கேட்பதில்லை. உழைப்பாளியைப் பற்றி மற்றவர்கள் எழுதினால் அது இலக்கியம். உழைப்பாளியே எழுதினால் ‘மற்றும் சிலர்’.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். சிறுகதைத் தாளில் விந்தன் கதை ஒன்று வேண்டும். நாடகத் தாளில் திரை வசனத்துக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறீர்கள். அங்கேயும் அவரைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். அவருடைய எழுத்து நாட்டுடைமையாகிவிட்டது. யாருக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டியதில்லை. அச்சடிக்க இன்னும் பிளேட் போடவில்லை. திருத்தத்தை இந்த வாரத்துக்குள் அனுப்பினால், கூடுதல் கூலி கேட்காமல் நானே பக்கத்தைக் கட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அச்சகத் தொழிலாளி