தொகை கூடுகிறது, கொடுப்பவர்கள் குறைகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் 2024-ல் நன்கொடையாக வந்த தொகை 59,250 கோடி டாலர். செய்திகளில் இந்தத் தொகைதான் பெரிதாக வருகிறது. ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். மொத்தத்தைப் பார்த்ததும் யார் யார் கொடுத்தது என்று தேடுவது எனக்குப் பழக்கம்.

அதில் 66 சதவீதம் தனிமனிதர்கள் கொடுத்தது. அறக்கட்டளைகள் 19, உயில் வழியாக வந்தது 8, கம்பெனிகள் வெறும் 7. ஆளுயரக் காசோலை அட்டையோடு படம் எடுத்துக்கொள்ளும் கம்பெனிகளைவிட, உயில் எழுதிவைத்துவிட்டுக் காலமானவர்கள் அதிகம் கொடுத்திருக்கிறார்கள்!

சரி, தனிமனிதர்கள்தானே முன்னால் நிற்கிறார்கள் என்று நிம்மதி அடையவும் முடியவில்லை. 2000-ல் அங்கே மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் ஏதாவது நன்கொடை கொடுத்தன. 2018-ல் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. பெரும் பணக்காரர்களின் பெரிய தொகைகள் இந்தச் சரிவை மறைத்துவிடுகின்றன. 2018-ல் நடைமுறைக்கு வந்த வரி மாற்றத்துக்குப் பிறகு, சிறிய நன்கொடையாளர்களில் பெரும்பாலோருக்கு வரிச்சலுகையும் இல்லாமல் போனது.

பெரிய இடத்துப் பணம் உடனே களத்துக்கு வருமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் சொத்தில் சுமார் 5 சதவீதம் செலவழித்தாக வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் கொடையாளர் முதலில் பணத்தைப் போட்டுவைத்து, பிறகு அவர் யோசனைப்படி தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிதிக் கணக்குகளுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பணம் போட்ட ஆண்டே வரிவிலக்கு கிடைத்துவிடும். பணம் தொண்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர எத்தனை ஆண்டு ஆனாலும் கேள்வி கிடையாது.

அப்புறம், பேரேடு எழுதியவனுக்கே தெரிந்த ஒரு சங்கதி. பெரிய தொகை பெரும்பாலும் இன்ன திட்டத்துக்கு என்ற நிபந்தனையோடுதான் வரும். அதிலிருந்து ஆடிட்டர் கட்டணமோ மின்கட்டணமோ கட்ட முடியாது. மாதாமாதம் சிறிய தொகை அனுப்புகிறவர்கள் இதற்குத்தான் என்று எழுதுவதில்லை. எங்கள் சம்பளமே அவர்கள் பணத்தில்தான் வந்தது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் முன்னாள் மனைவியும் பெரும் பணக்காரருமான மெக்கன்ஸி ஸ்காட் 2020 முதல் நிபந்தனையில்லாமல் பெருந்தொகைகளைக் கொடுத்துவருவது வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அவர் விதிவிலக்கு.

அடுத்த ஆண்டுக் கணக்கு வெளிவரும்போது, தொகைக்குப் பக்கத்திலேயே எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்காளர்