வீட்டுக்குள் ஏசியது போதும், எழுதிக் கொடுப்போம்

ஆசிரியருக்கு வணக்கம்,

வெள்ளவத்தையில் எந்தத் தொடர்மாடியின் லிஃப்டில் ஏறினாலும், எந்தக் கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் காதில் விழுவது அரசாங்கத்தைப் பற்றிய ஏச்சுத்தான். கரண்ட் பில், மழைக்கு நிரம்பி வழியும் கான், தமிழருக்குச் சிங்களத்தில் மட்டும் வருகிற கடிதம் என்று எல்லாவற்றுக்கும் ஏசுகிறோம், ஏசுவதற்கு நியாயமும் இருக்கிறது. சரி, இதை யாரிடமாவது எழுத்தில் கொடுத்தீர்களா என்று கேட்டால் மட்டும் "எங்களுக்கு எதற்கு அரசியல்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

கரண்ட் பில்லையே எடுங்கள். 2024 கடைசியில் மின்சார சபை கட்டணத்தைக் குறைக்காமல் அப்படியே வைத்திருக்கத்தான் கேட்டது. மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாகாணம் மாகாணமாகப் போய்ப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது, எழுத்திலும் வாங்கியது, பிறகு 2025 ஜனவரியில் கட்டணத்தை 20 சதவீதத்தால் குறைத்தது. மக்கள் பேசியதால் மட்டும்தான் குறைந்தது என்று சொல்ல மாட்டேன், ஆணைக்குழு செலவுக் கணக்கையும் பார்க்கும். அதே ஆணைக்குழுதான் ஜூனில் 15 சதவீதம் கூட்டவும் விட்டது, ஒக்டோபரில் மின்சார சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை மறுக்கவும் செய்தது. ஆனால் கட்டணம் கூட்டக் கேட்பவர்களைப் பார்த்து "முடியாது" என்று சொல்லச் சட்டப்படி அதிகாரமுள்ள ஓர் இடம் இருக்கிறது, முடிவெடுப்பதற்கு முன்னால் அது எங்களிடம் கருத்துக் கேட்கிறது, யாரும் போய்ப் பேசலாம். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் புலம்புகிற எங்களில் எத்தனை பேர் ஒரு பக்கக் கடிதமாவது அனுப்பியிருக்கிறோம்?

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. கொழும்பில் தமிழர் ஒதுங்கி வாழப் பழகியதற்குக் காரணம் இருக்கிறது. பொலிஸ் பதிவு, இரவுச் சுற்றிவளைப்பு, அடையாள அட்டையை நீட்டி நீட்டியே கழிந்த வருடங்கள் அவை. 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் சனம் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி இந்த நகரத்தை விட்டே அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று யாரையும் விடவில்லை. அதையெல்லாம் பார்த்த தாய் தகப்பன், எங்கேயும் பேர் கொடுக்காதே, கையெழுத்து வைக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வார்கள்?

ஆனால் அடுத்த நாள் நடந்ததை நாங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அரசு சாராத அமைப்பு அடிப்படை உரிமை மீறல் மனு ஒன்றோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, ஜூன் 8ஆம் திகதியே அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை வந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த, வாய் திறக்கவே பயந்த ஒரு காலத்தில் அதைச் செய்தார்கள். அந்த மனு எல்லாவற்றையும் நிறுத்தவில்லை, அதற்குப் பிறகும் ஆட்களைக் கடத்த வெள்ளை வான் வந்தது, காணாமல் போனவர்களின் தாய்மார் இன்றைக்கும் வீதியில் நிற்கிறார்கள். இருந்தாலும் அன்றைக்கு அந்த மனு போகாமல் இருந்திருந்தால் அடுத்த நாளும் பஸ் வந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

அந்தக் காலத்தோடு பார்த்தால் இன்றைக்கு எங்கள் கையில் எவ்வளவோ இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் எந்தப் பிரஜையும் தமிழில் எழுதி விண்ணப்பிக்கலாம், ஏன் கேட்கிறாய் என்று யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை, தருவோமா மாட்டோமா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு. எங்கள் ஒழுங்கையில் கான் அடைத்துக் கிடந்தபோது அயலில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான் முதலில் பேனையை எடுத்தார். கடைசியாக எப்போது துப்புரவு செய்தீர்கள், யாருக்கு ஒப்பந்தம், எவ்வளவு பணம் ஒதுக்கினீர்கள் என்று மூன்றே கேள்வி. கூடவே ஒரு முறைப்பாட்டுக் கடிதமும் எழுதி, அதில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று ஒழுங்கை முழுவதும் கையெழுத்து வைத்தது. பதில் சிங்களத்தில் வந்தது, டீச்சர் விடாமல் தமிழில் தரும்படி திருப்பி எழுதி வாங்கினார். பதில் வந்த கையோடு ஆட்களும் வந்து கானைத் தோண்டினார்கள். இப்போதும் பெருமழைக்குத் தண்ணீர் ஏறத்தான் செய்கிறது, ஆனால் யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கைக்குத் தெரியும்.

மாநகர சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைப் பணம் இல்லை என்று நடத்தாமல் விட்டார்கள். அதை எதிர்த்தும் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்பு வந்தது, தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேலாக எங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினரே இல்லை, அது பெரிய குறையாக இங்கே யாரும் கதைத்ததாக ஞாபகம் இல்லை. இப்போதைய சபையில் 117 பேர், அதிக இடம் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கே 48தான், தனிப் பெரும்பான்மை யாருக்கும் இல்லை. ஒவ்வொரு உறுப்பினரின் கையும் அங்கே கணக்கில் வரும், ஆகவே உங்கள் உறுப்பினரின் பெயரையாவது தெரிந்து வையுங்கள், போய்ப் பாருங்கள்.

வாக்கு ஊரில் இருக்கட்டும் என்று வைத்திருப்பவர்களின் மனசு எனக்குப் புரியும், காணி அங்கே, கோயில் அங்கே. ஆனால் இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே பள்ளிக்கூடம் சேர்த்து, பேரப்பிள்ளையும் கண்டவர்கள் அடுத்த முறை கிராம சேவகர் வாக்காளர் இடாப்புக்கு விபரம் எடுக்க வரும்போது ஒருதரம் யோசிக்க வேண்டும். இடாப்பில் பெயர் இல்லாத வீட்டை எந்த உறுப்பினரும் தேடி வர மாட்டார்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி, ஆசிரியர் அவர்களே. தலைவர்களின் அறிக்கைகளுக்குத் தினமும் முதல் பக்கத்தில் இடம் கொடுக்கிறீர்கள். மின்கட்டணம் பற்றிய கருத்துக் கேட்பு எப்போது, எங்கே, எழுத்தில் அனுப்பக் கடைசித் திகதி எது, மாநகர சபை எந்தத் திகதியில் கூடுகிறது, வாக்காளர் பதிவு எப்போது முடிகிறது, இவற்றை எல்லாம் நாள் கடந்த பிறகு செய்தியாகப் போடாமல் ஒரு கிழமை முன்னதாகவே பெட்டிச் செய்தியாகப் போட முடியாதா? முதலாவது பெட்டி வந்த அன்றைக்கே அதை வெட்டி எங்கள் தொடர்மாடி லிஃப்டில் ஒட்டுவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருத்தி,
கொழும்பு 06