பற்றரி வாங்க முதல் இதை வாசி, தம்பி

பருத்தித்துறை

அன்பு மகன்,

நேற்றுக் கதைக்கும்போது வீடு கூட்டுகிற றோபோ மெசின் சார்ஜ் ஏறுதில்லை, புதுப் பற்றரி எடுப்பிக்கப் போகிறேன் என்று சொன்னாய். கொஞ்சம் பொறு. பற்றரியில்தான் பிழை என்று முடிவு கட்ட முதல் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் பாதி மறந்துபோவாய், அதனால் எழுதுகிறேன். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாய்ப் பார்.

முதலில் சுவர்ப் பக்கம். டொக்கில், அதுதான் மெசின் போய் நின்று சார்ஜ் எடுக்கிற தட்டில், லைற் எரிகிறதா? எரியாவிட்டால் அதே சொக்கற்றில் போன் சார்ஜரைப் போட்டுப் பார். சொக்கற் நல்லதென்றால் பிளக்கைக் கவனி. 13 அம்பியர் சதுரப் பின் பிளக்குக்குள் சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கும். கரன்ட் போய்த் திரும்பி வருகிற அடியில் அது எரிந்திருக்கலாம். பிறகு அடப்டர். அதன் முதுகில் எத்தனை வோல்ற் வெளியே தரும் என்று அடித்திருக்கும், பல மெசின்களுக்கு 19 அல்லது 20 வோல்ற் டிசி. வோல்ற் அளக்கிற மல்ரிமீற்றரை டிசியில் வைத்து வயர் முனையில் அள. 19 என்று எழுதியிருக்க 12, 13 என்று ஆடினால் பிழை அடப்டரில். வீட்டுக் கரன்ட் 230 வோல்ற் நேரே டொக்குக்குள் போகிற வகையென்றால் டொக்கைத் திறக்கவே கூடாது.

டொக்கிலும் மெசினின் அடியிலும் ஒன்றோடொன்று முட்டிச் சார்ஜ் ஏற்றுகிற சின்ன உலோகத் தகடுகள் இருக்கும். டொக்கின் தகட்டில் மீற்றரை வைத்துவிட்டு, ஒன்றும் காட்டவில்லை என்று டொக்கைத் தூக்கி எறியாதே. சில டொக்குகள் மெசின் வந்து முட்டியதை உணர்ந்த பிறகுதான் முழு வோல்ற்றையும் விடும். வெறுமனே நிற்கும்போது குறைவாய்த்தான் காட்டும்.

உன் வீட்டில் எனக்கு முதல் சந்தேகம் அந்தத் தகடுகளில்தான். நீ இருப்பது குருநகர், கடற்காற்று உப்போடு வீட்டுக்குள் வரும். அதோடு மொப்பையும் பூட்டி ஓடவிடுகிறாய். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளைதான் மொப் ஈரம் காயும்போது தகட்டிலும் படியும். மெசினைக் கவிழ்த்து, ரோச்சைச் சாய்வாய்ப் பிடித்து வடிவாய்ப் பார். நல்ல தகடு முழுக்க மினுங்கும். படை பிடித்த தகடு மங்கிப்போய், டொக் உரசுகிற இடத்தில் மாத்திரம் மெல்லிய கோடொன்று மினுங்கும். அந்தக் கோடும் மங்கியிருந்தால் கரன்ட் ஏற வழியில்லை.

துடைக்க முதல் மெசினை நிறுத்து, டொக்கின் பிளக்கையும் கழற்று. வெள்ளைப் படைக்குக் காதுப் பஞ்சில் ஒரு துளி வினாகிரி தொட்டு உரசு. பிறகு ஈரத்துணி, கடைசியாய் பாமசியில் விற்கிற ஸ்பிரிற். காய்ந்த பிறகும் மங்கல் இருந்தால் பென்சில் அழிக்கிற அழிறப்பரால் தேய். மண்தாள் மட்டும் வேண்டாம். மேலே உள்ள நிக்கல் பூச்சுப் போனால் அடுத்த மாரிக்குள் தகடு துருப்பிடித்துவிடும். டொக்கின் தகடுகளையும் இப்படியே துடை. அவை ஸ்பிரிங்கில் நிற்பவையென்றால் விரலால் அமத்திப் பார், விட்டதும் துள்ளி எழும்ப வேண்டும்.

துடைத்த பிறகு மெசினை நீயே கையால் டொக்கில் ஏற்றிச் சற்று அமத்திப் பிடி. அப்படிச் சார்ஜ் ஏறினால் பற்றரி பெரும்பாலும் சரி, மெசின் போய்ப் பொருந்துவதில்தான் பிழை. மாபிள் நிலத்தில் டொக் பின்னுக்கு வழுகும். சுவரோடு வைத்து இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப்பால் நிலத்தோடு ஒட்டு. முன் சில்லைக் கழற்றி, சுற்றியிருக்கிற தலைமயிரை எடு. சில்லுச் சுற்றாமல் இழுபட்டால் மெசின் கோணலாய்த்தான் போய் நிற்கும்.

பக்கவாட்டில் தனிச் சுவிட்ச் உள்ள மெசின் என்றால் அது ஓனில் இருக்கிறதா பார். ஓஃபில் இருந்தால் சிலது சார்ஜே எடுக்காது. வெயில் விழுகிற இடத்தில் டொக் இருந்தால் நகர்த்து. லித்தியம் பற்றரியை 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் பண்ணக்கூடாது. சூடு ஏறினால் மெசினே மறுத்துவிடும்.

இவ்வளவும் சரியென்றால்தான் பற்றரி. மெசினை நிறுத்தி, அடிமூடியைக் கழற்று. பற்றரியில் 14.4 அல்லது 14.8 வோல்ற் என்று எழுதியிருந்தால் உள்ளே நாலு செல் வரிசையாய் இருக்கிறது. மீற்றரைப் பற்றரியின் சிவப்பு, கறுப்பு வயர் முனையில் வைத்தால் முழுச் சார்ஜில் 16.8 காட்டும், 12க்குக் கிட்ட வந்தால் வெறுமை. 10க்கும் கீழே என்றால் நீண்ட நாள் சும்மா கிடந்து செத்திருக்கும். பற்றரிக்குள் இருக்கிற பாதுகாப்புச் சர்க்கிட் போட் கரன்ட்டை அடைத்துவிட்டாலும் சைபர் காட்டும். அந்த நேரம் வேறு பற்றரியால் வயர் கொடுத்து எழுப்பப் பார்க்காதே, தம்பி, நெருப்புப் பிடிக்கும். பற்றரிப் பொதி ஊதியிருந்தால் சார்ஜில் போடவே வேண்டாம், வீட்டுக்கு வெளியே எடுத்து வை.

சிவப்பு, கறுப்பு வயர்களோடு மெல்லிய வயரும் வந்தால் அது பெரும்பாலும் சூட்டைப் பார்க்கிற வயர். அது அறுந்தாலும் சார்ஜ் ஏறாது. புதுப் பற்றரி வாங்கினால் வோல்ற், முனை, வயர் வரிசை மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பற்றரி 14க்கு மேல் காட்டி, மற்றதெல்லாம் சரியாய் இருந்தும் ஏறவில்லை என்றால் பிழை மெசினின் சர்க்கிட் போட்டில். அதைத் திருத்துகிறவரிடம் கொடு.

மீற்றர் காட்டுகிற இலக்கத்தையும் தகட்டையும் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் டொக்கின் பிளக்கைக் கழற்றிவிடச் சொல்லி மருமகளிடமும் சொல்.

அம்மா