30 வருஷத்தைத் தாண்டிப் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனுஷாவதாரம் (தேவன் இயேசுவாக மனுஷனாய்ப் பிறந்தது) பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். நிசேயாவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கத்தை (கி.பி. 325) விளக்கிய பகுதி தெளிவாக இருந்தது. ஆனால் கட்டுரையாளர் பெத்லகேமிலிருந்து ஒரே தாவலில் கல்வாரிக்குப் போய்விட்டார். இயேசுவுக்குச் சிலுவையில் மரிக்க ஒரு சரீரம் வேண்டியிருந்தது, அதனால் பிறந்தார் என்கிறார். சரி, உண்மைதான். அதற்காக மட்டுமே என்றால் நடுவில் ஏறக்குறைய 30 வருஷம் எதற்கு? நாசரேத்து ஊரார் அவரைத் தச்சன் என்றுதான் அறிந்திருந்தார்கள்.

‘அந்த வார்த்தை மாம்சமாகி’ என்று இயேசுவைப் பற்றித் தன் சுவிசேஷத்தில் எழுதுகிறார் யோவான். மனுஷனாகி என்று கொஞ்சம் நாகரிகமாகவே சொல்லியிருக்கலாம். மாம்சம் என்கிறார். பசிக்கும், வேர்க்கும், நோகும். அந்த மாம்சம்தான் நடந்த களைப்பில் சமாரியாவின் கிணற்றருகே உட்கார்ந்தது. அலைகள் படகை நிரப்பும்போதும் தலையணையில் தலைவைத்துத் தூங்கியது. இயேசு களைத்ததுபோல் காட்டிக்கொண்டார் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். பக்தியோடு சொன்னதுதான். ஆனால் அது சபை ஆரம்ப காலத்திலேயே தள்ளிவிட்ட போதனை. 451இல் கல்கெதோன் சங்கம் அவர் மெய்யாகவே தேவன், மெய்யாகவே மனுஷன் என்று அறிக்கையிட்டது. களைப்பும் மெய்யானது என்பதும் அதில் அடக்கம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. என் அம்மா இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்; இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியைப் பிழிந்து முதுகைத் துடைத்து, இடுக்குகளில் ஈரம் போக ஒற்றியெடுக்க வேண்டும். ஜெபிக்க வந்தவர்கள், “சரீரம் மண்தானே, ஆத்துமா பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே” என்பார்கள். ஆறுதலுக்குச் சொன்னார்கள், தெரியும். கையில் ஈரத்துணியோடு நிற்கிறவளுக்கு அது ஆறுதலாக இல்லை. நான் செய்வது ஜெபத்துக்கு நடுவே வரும் தொந்தரவு என்று ஆகிவிடுகிறதே! (அவர்களில் ஒருவர் மட்டும் ஜெபம் முடிந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு மறுபக்கம் பிடித்தார்.)

இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தியோகியா சபையின் கண்காணி (பிஷப்) இக்னேஷியஸ் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் சிமிர்னா சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்துவின் சரீரம் வெறும் தோற்றம் என்றவர்களைப் பற்றி அதில் ஒரு குற்றச்சாட்டு: விதவையைப் பற்றியோ அநாதையைப் பற்றியோ, பசித்தவனைப் பற்றியோ அவர்களுக்கு அக்கறை கிடையாது. உபதேசத்தில் பிசகு எங்கே என்று காட்ட அவர் தேடிப்போன இடத்தைப் பாருங்கள்.

உயிர்த்தெழுந்த பின்பும் இயேசு சரீரத்தைக் கழற்றிப் போடவில்லை. தோமாவுக்குக் காட்டிய காயம் அதில்தான் இருந்தது. இரவெல்லாம் வலைவீசி வந்த சீஷர்களுக்குக் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார்.

கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவதாக இருந்தால், நாசரேத்துக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி