ஆடியில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களைக் கேட்டு ஒரு மடல்

குமரி மாவட்டத்து ஊர்வகைக் கமிட்டிகளுக்கும் பங்குப் பேரவைகளுக்கும் சபைப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு வாசிக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள். எங்களில் பாதிப் பேர் கிட்டார் பிடிக்கப் படித்ததே கோயில் பாடகர் குழுவில்தான். திருவிழா இன்னிசைக் கச்சேரிக்குக் கூப்பிடுகிறீர்கள், வந்து சினிமாப் பாட்டு வாசிக்கிறோம். ஆனால் எங்கள் பாட்டைக் கேட்க ஐம்பது பேர் வந்தால் உட்கார வைக்க நாகர்கோவிலில் எங்களுக்கு ஓர் இடம் இல்லை. வெட்டவெளியில் வாசிக்கலாம்தான், இடவப்பாதி மழையும் துலாமழையும் விட வேண்டுமே.

போன வருஷம் மூடிக் கிடந்த ஒரு கயிற்று ஷெட்டை வாடகைக்குப் பிடித்தோம். ஒரே வாசல். ஆம்ப், டிரம் மைக், ஃபேன் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில். மூன்றாவது பாட்டில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. மெயினை அணைத்து, இருட்டில் எல்லாரையும் வெளியே அனுப்பும் வரை எனக்கு உயிர் இல்லை. அமெரிக்காவின் ஓக்லாந்தில் 2016 டிசம்பர் 2 அன்று ‘கோஸ்ட் ஷிப்’ என்ற பழைய கிடங்கில், இதே மாதிரி ஓர் இசை இரவில் தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். மாடியில் இருந்தவர்களுக்கு இறங்க வழி கிடைக்கவில்லை. அந்த ஷெட்டுக்கு நாங்கள் திரும்பப் போகவில்லை.

அதே ஓக்லாந்துக்குப் பக்கத்து ஊர் பெர்க்லி. அங்கே 1986 கடைசி நாளில் 924 கில்மன் தெருவில் தொடங்கிய அரங்கைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். மது கிடையாது, எந்த வயதுப் பிள்ளையும் உள்ளே வரலாம். கவலையில்லாமல் வாசிக்க ஓர் இடம் இருந்ததால் அங்கே பல இசைக்குழுக்கள் வளர்ந்தன.

நமக்கும் இது புதிதில்லை. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வில்லும் குடமும் உடுக்கையும் விடிய விடிய ஒலித்ததென்றால், ஊர் பந்தல் போட்டுக் கொடுத்தது. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் அந்த வில்லுப்பாட்டில் தொடங்கித்தான் சினிமா வரை போனார். அன்று பந்தல் போட்ட ஊரிடம்தான் இன்று மண்டபம் கேட்கிறோம்.

ஆடியிலும் மார்கழியிலும் ஊர்வகை மண்டபங்களில் கல்யாணம் இல்லை. தவக்காலத்தில் பங்கு மண்டபங்களும் சும்மா கிடக்கின்றன. தவக்காலத்தில் பாட்டுக் கச்சேரி வேண்டாம் என்றால் சரி, அதை மதிக்கிறோம். வேறு ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை கொடுங்கள். மாதம் ஒரு சாயங்காலம், ஆறிலிருந்து ஒன்பது மணி வரை போதும். ஒலி மாசு விதிகள் சொல்லும் இரவுக் கட்டுப்பாடு பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. ஒலிபெருக்கி அனுமதியை எழுத்தில் நாங்களே வாங்கி வருகிறோம். கதவுகள் எல்லாம் திறந்திருக்கும், வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே பிளக் சொருகுவோம். குடித்துவிட்டு வருபவர் யாரானாலும் வாசலோடு சரி. கரண்ட் காசு எங்களுடையது, கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் சாவியைத் தருவோம்.

முதல் கச்சேரிக்குக் கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் வந்து உட்காருங்கள். சத்தம் அதிகமென்றால் கையைத் தூக்குங்கள், குறைத்துவிடுகிறோம்.